முனிராஜின் மூன்று விரல்களும் என் முதல் பரிசும்

மகனே, உன் சிறுகதைத் தொகுப்பின் அச்சுப்படி கூரியரில் வந்து ஒன்பது நாளாகிறது. அணிந்துரை கேட்டிருக்கிறாய். பதிப்பகத்தில் அடுத்த வாரம் அச்சுக்கு அனுப்புகிறார்கள், இரண்டு பக்கம் போதும், ரொம்பப் புகழ வேண்டாம் என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். இருபது வருஷமாக ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஊர்ப்பட்ட பேருக்கு அணிந்துரை எழுதித் தள்ளியவன் நான். புத்தகத்தைப் புரட்டாமல் எழுதியதும் உண்டு. மலையையே வெட்டி விற்ற ஒரு கல்குவாரி முதலாளியின் கவிதைப் புத்தகத்துக்கு, ‘மண்ணின்மேல் இவருக்குள்ள பாசம் வரிக்கு வரி தெரிகிறது’ என்று வாய் கூசாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் புத்தகத்தைத்தான் மூன்று முறை படித்தேன். ஏழாவது கதையில் மாட்டிக்கொண்டேன். அதைப் படித்து முடித்தபோது கையில் இருந்த காபிக் கோப்பையைச் சுவரில் வீசி அடித்தேன். உன் அம்மா வந்து பார்த்தாள். “அறுபத்திமூணு வயசாச்சி, இன்னும் கை நீளுறது மட்டும் நிக்கல” என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை என் முன்னால் போட்டுவிட்டுப் போனாள். நான்தான் பெருக்கினேன்.

அந்தக் கதைக்குக் ‘கருங்கல்’ என்று பெயர் வைத்திருக்கிறாய். ஓர் எழுத்தாளர் சிறுகதைப் பட்டறை நடத்திக்கொண்டிருக்கிறார். சாராய நெடியோடு ஒருவன் உள்ளே நுழைகிறான். மேசையில் இருந்த கருங்கல் விருதைத் தூக்கி எழுத்தாளரின் வலது கையை நசுக்குகிறான். தடுக்க ஓடிவந்த பதினொரு வயது மகனையும் ஓங்கி அறைகிறான். அந்தப் பிள்ளைக்கு ஒரு காது போய்விடுகிறது. கட்டுப் போட்ட கையோடு போலீஸ் ஸ்டேஷன் போகும் எழுத்தாளர், “பாவம், விட்டுவிடுங்கள்” என்கிறார். படிக்கிறவர்கள் கண் கலங்குவார்கள். எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் பரிசு கிடைக்கும். அதுதான் என் பயம். அந்த எழுத்தாளர் நான், அந்தப் பிள்ளை நீ என்பது நம்மைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். உள்ளே நுழைந்தவன் முனிராஜ் என்பது முனிராஜைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் உன் காதில் விழுந்த அறை முனிராஜ் அறைந்ததல்ல. அது உனக்கும் எனக்கும் உன் அம்மாவுக்கும் தெரியும். இனி முனிராஜுக்கும் தெரியும். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் அவன் யார், ஏன் கல்லைத் தூக்கினான் என்று நீ கேட்டே ஆக வேண்டும். குடிகாரன், ரவுடி என்று உனக்கு நான் சொல்லி வைத்தேன். நீ அதை நம்பி வளர்ந்து, நம்பி எழுதியிருக்கிறாய்.

நீ நான்காம் வகுப்பு படித்த சமயம். நான் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து மேலிருந்து ஒரே அடியாக அடித்து வண்டிப் பாகமாக்கும் இயந்திரத்துக்குப் பெயர் பிரஸ். அதை இறக்க இரண்டு பட்டன் உண்டு, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அப்படி ஒழுங்காக வேலை செய்தால் அன்றைக்குச் சொன்ன எண்ணிக்கை வராது. அதனால் எங்கள் ஷாப்பில் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். வலது பட்டன்மேல் ஒரு மரச்சில்லை வைத்து அமுக்கி, பழைய சைக்கிள் டியூபைக் கீறி அதன்மேல் இறுக்கிக் கட்டிவிடுவது. அப்புறம் இடது கை பட்டனை அடிக்கும், வலது கை தகட்டை வைத்து எடுக்கும். வேலை இரண்டு மடங்கு ஓடும். மேலே இருப்பவர்கள் வந்து பார்த்தால் டியூபை அவிழ்த்துவிடுவோம். எல்லாரும் செய்தோம். செய்தது தெரியாது என்று எல்லாரும் சொல்லவும் பழகியிருந்தோம்.

முனிராஜ் என் ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆள். வீட்டில் தெலுங்கு பேசுவான், எல்லைக்கு அந்தப்புறம் ஆனேக்கல் பக்கத்தில் கன்னடப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவன். தமிழ் சரளமாகப் பேசுவான், ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. ஆறு மாதத்தில் பர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள் என்ற பட்டியலில் அவன் பெயர் முதலில் இருந்தது. டியூப் கட்டி ஓட்ட மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆளும் அவன்தான். அன்றைக்குக் காலை பத்து மணி டீ முடிந்து வந்தபோது மதியத்துக்குள் சரக்கு லாரியில் ஏறியாக வேண்டும் என்று எனக்கு மேலே இருந்து நெருக்கினார்கள். நான் முனிராஜின் பிரஸ்ஸுக்குப் போனேன். “வேணா சார், பயமா இருக்குது. ரெண்டு கையாலயே வேகமா அடிச்சிக் குடுத்துடறேன்” என்றான். எல்லார் முன்னாலும் அவனைக் கேட்டேன், “வளையல் போட்டுக்கினு வந்திருக்கியாடா?” சிரித்தார்கள். அவன் முகம் கறுத்துவிட்டது. நானே குனிந்து மரச்சில்லை வைத்து, டியூபை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன். இந்தக் கையால்தான்.

இருபது நிமிஷம் ஆகியிருக்கும். பிரஸ்ஸின் சத்தத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. எப்போதும் போல ஒரு ‘டங்’. அதற்கப்புறம்தான் முனிராஜின் சத்தம் வந்தது. நான் ஓடினேன். அவன் வலது கையைக் கண் முன்னால் பிடித்துக்கொண்டு, யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான். சுண்டுவிரலும் கட்டைவிரலும் இருந்தன. நடுவில் மூன்றும் இல்லை. அச்சுக்குள்ளே கையுறையின் மூன்று விரல்கள் தகட்டோடு தகடாகப் படிந்து கிடந்தன. பீய்ச்சி அடித்த ரத்தம் அவன் முகத்திலும் என் சட்டையிலும் கொட்டியது. இனி நான் சொல்வதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவைத் தவிர. நான் முதலில் முனிராஜிடம் போகவில்லை. பட்டனிடம் போனேன். பாக்கெட்டில் இருந்த கத்தியால் டியூபை அறுத்தேன், மரச்சில்லைக் காலால் தள்ளினேன். அதற்கப்புறம் அதே டியூபை எடுத்து முனிராஜின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தினேன். டாக்டர் என்னைப் பாராட்டினார். சமயத்தில் புத்தியைப் பயன்படுத்தினீர்கள், இல்லையென்றால் ஆள் போயிருப்பான் என்றார். கம்பெனி நோட்டீஸ் போர்டில் என் பெயரைப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் முனிராஜ் என் கையை இடது கையால் பிடித்துக்கொண்டான். “கம்பெனியில நான்தான் கட்டிக்கினேன்னு சொல்றாங்களாம் சார். அப்படின்னா வேலைய விட்டு எடுத்துருவாங்களாம். நீங்க ஒரு வார்த்தை நடந்தத சொல்லிடுங்க சார்.” சொல்கிறேன் என்றேன். கம்பெனி விசாரணைக்கு நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதத்தில் நான் ஒரு கதை எழுதினேன். நம்பு, நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தேன். வாயால் சொல்லத் தைரியமில்லாததைக் கதையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முதல் படியில் சூப்பர்வைசர்தான் பட்டனைக் கட்டினான். அதை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரியில் நடந்த ஒரு பட்டறைக்குப் போனேன். அந்தப் பட்டறைகளைப் பற்றி உனக்குத் தெரியும்: காலையில் குத்துவிளக்கு, மதியம் சித்ரான்னம், மாலையில் சான்றிதழும் குரூப் போட்டோவும். சென்னையிலிருந்து வந்த ஒரு பத்திரிகையாசிரியர் என் கதையைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “முதலாளி கெட்டவன், தொழிலாளி நல்லவன். முதல் வரியிலேயே தெரிஞ்சுபோச்சே! கடைசி வரியில வாசகனுக்குப் பளார்னு ஒரு அறை விழணும் சார். அவனே கட்டிக்கிட்டான்னு வைங்க. ஏன் கட்டினான்? அதுல இருக்கு கதை.” அவர் பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டிக்குத்தான் அதை அனுப்ப இருந்தேன், அவர் அதன் நடுவர்களில் ஒருவர் என்பதும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மாற்றினேன். மகளின் பிறந்தநாளுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று ஒருவன் யாருக்கும் தெரியாமல் தானே பட்டனைக் கட்டிக்கொள்கிறான், விரல்கள் போகின்றன, கடைசி வரியில் தன் கையால் மகளுக்குக் கேக் ஊட்ட முடியாமல் நிற்கிறான். முனிராஜ் என்ற பெயரை மாரப்பன் என்று மாற்றினேன், மற்றதெல்லாம் அவன்தான், அவன் மச்சம் உட்பட. கலைக்காக மாற்றினேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்த ஆசிரியர் சொன்ன யோசனை என் பயத்துக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். முதல் பரிசு கிடைத்தது. பத்திரிகையில் படத்தோடு கதை வந்தது. நான் பத்துப் பிரதி வாங்கினேன். ஒன்றை எடுத்துக்கொண்டு முனிராஜின் வீட்டுக்கே போனேன்.

அது எப்படிப்பட்ட திமிர் என்று இப்போது யோசித்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ‘அன்பு முனிராஜுக்கு’ என்று முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் நீட்டினேன். “என்ன சார் எழுதியிருக்குது?” என்றான். “உன்னைப் பத்தித்தான்டா. நல்லா எழுதியிருக்கேன்” என்றேன். அவன் புத்தகத்தை இரண்டு முறை கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் பெண்டாட்டி எனக்குக் காபி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

விசாரணை நாளில் முனிராஜ் அந்தப் பத்திரிகையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான். எனக்கு அது தெரியாது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று அதிகாரி கேட்டதும் அவன் சொன்னது என் காதில் விழுந்தது. “இருக்குது சார். எங்க சூப்பர்வைசர் நேர்ல சொல்றதுக்குப் பயந்துக்கினு புஸ்தகத்துல எழுதிட்டாரு. அவரு கையெழுத்தும் இருக்குது பாருங்க.” காகிதம் புரளும் சத்தம். பிறகு அந்த அதிகாரி கதையின் கடைசிப் பத்தியை மட்டும் உரக்க, நிறுத்தி நிறுத்திப் படித்தார். முனிராஜ் முதலில் சிரித்த முகமாகத்தான் கேட்டிருப்பான். படித்து முடித்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். “இது நீங்க எழுதினதா?” “ஆமா சார்.” “கற்பனையா, நடந்ததா?” கற்பனை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட அவன் பிழைத்திருப்பான். பரிசு வாங்கிய மேடையில் கைதட்டல் வாங்கிய என் வசனம் ஒன்று இருந்தது. அது தானாக வாயில் வந்தது. “கண்ணால பாக்காதத நான் எழுதறதில்ல சார்.”

முனிராஜ் என்னைப் பார்த்தான். அவ்வளவு நேரமும் பாக்கெட்டுக்குள் மறைத்து வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தான். பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதாக எழுதி அவனை அனுப்பிவிட்டார்கள்.

எனக்கோ அதற்கப்புறம் ஏறுமுகம். தொழிலாளர் வாழ்வை உள்ளிருந்து எழுதுகிறவன் என்று பெயர். பட்டறைக்குப் போய்க் கீழே உட்கார்ந்தவனைப் பட்டறை நடத்தவே கூப்பிட்டார்கள். போகும் இடமெல்லாம் அந்தக் கதையைத்தான் மாதிரிக் கதையாக வாசித்தேன். பளார் என்று ஓர் அறை என்பதையும் என் சொந்தச் சரக்கு போலச் சொல்லிக்கொடுத்தேன். பர்கூரில் ஒரு பாராட்டு விழாவில் இரண்டு கிலோ கனமுள்ள கருங்கல் பலகையில் என் பெயரைப் பொறித்துக் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் பட்டறை. விருதையும் கொண்டுவாருங்கள் சார், மேசையில் வைக்கலாம் என்றார்கள். உன்னையும் கூட்டிப்போனேன். அப்பா பேசுவதை மகன் பார்க்கட்டும் என்று முன் வரிசையில் உட்கார வைத்தேன்.

கதையின் பாதியில் இருந்தேன். பின்கதவு திறந்து முனிராஜ் வந்தான். அவன் ஓடிவரவில்லை, கத்தவும் இல்லை. பெஞ்சுகளுக்கு நடுவில் நிதானமாக நடந்து மேசைக்கு வந்து நின்றான். “படிங்க சார். கடசி வரைக்கும் படிங்க. நீங்க கட்டுன பட்டன நானே கட்டிக்கினேன்னு எல்லாருக்கும் சொல்லுங்க” என்றான். நான் காகிதத்தை மூடினேன். அவன் மிச்சமிருந்த இரண்டு விரலால் என் வலது மணிக்கட்டைக் கிடுக்கி போலப் பிடித்து மேசையோடு அழுத்தினான். இடது கையால் விருதைத் தூக்கினான். தலைக்குமேல் தூக்கி, ஒரு விநாடி நிறுத்தி, என் விரல்களின்மேல் இறக்கினான். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாம் முறை இறக்கினான். நகம் பிய்ந்து மேசையில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் முறை தூக்குவதற்குள் நான்கு பேர் அவனைப் பிடித்துக் கீழே தள்ளி மிதித்தார்கள். எழுத்தாளர்கள்தான், நாற்காலியாலும் அடித்தார்கள். அவன் வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. சாராய நெடி எதுவும் வரவில்லை. அவன் குடிக்காதவன் என்று எங்கள் ஷாப்பில் எல்லாருக்கும் தெரியும். அவன் உன்னைத் தொடவில்லை. நீ ஓடியும் வரவில்லை. பயந்துபோய் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பதினொரு வயசு.

போலீஸில் நான் புகார் கொடுக்கவில்லை. பெருந்தன்மை என்று எல்லாரும் மெச்சினார்கள். புகார் கொடுத்தால் அவன் ஏன் அடித்தான் என்று எழுதிக்கொள்வார்கள் என்ற பயம்தான் அந்தப் பெருந்தன்மை. கட்டுப் போட்டுக்கொண்டு மதியம் வீட்டுக்கு வந்தோம். செருப்பைக்கூட நான் கழற்றவில்லை. நீ கேட்டாய், “அப்பா, அந்த அங்கிள் சொன்னது நெஜமா? நீதான் கட்டுனியா?” உன் குரலில் குற்றச்சாட்டு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். இடது கையால் அறைந்தேன். நீ சுவரில் மோதி எழுந்ததும் இன்னொன்று விட்டேன். மூன்றாவது விழுந்தபோது உன் வலது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. நீ அழவில்லை, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாய். அம்மா சமையலறையிலிருந்து வந்து என்னை இரண்டு கையாலும் தள்ளினாள். நான் கட்டுப் போட்ட கையின்மேலேயே விழுந்தேன். “கண்ணு, அம்மாவப் பாரு, அம்மா பேசறது கேக்குதா?” என்று உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டரிடம் சைக்கிளிலிருந்து விழுந்தான் என்று சொன்னேன். அங்கே அவள் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து நடந்தது முழுக்க என் வாயால் சொல்ல வைத்தாள். அதற்கப்புறம் அந்தக் கருங்கல் விருதை எடுத்துப் போய்ப் பின்கட்டில் தண்ணீர் டிரம் மூடிமேல் கவிழ்த்து வைத்தாள். இருபது வருஷமாக என் பெயர் அங்கேதான் குப்புறக் கிடக்கிறது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நீ அதை நகர்த்தித்தான் தண்ணீர் மொள்கிறாய்.

இப்போது நீ அந்த அறையை எடுத்து முனிராஜின் கையில் கொடுத்திருக்கிறாய். ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாய். அதைப் படித்து நான் அழுதேன், மறைக்கவில்லை. அப்பாவைக் குற்றவாளியாக எழுத உனக்கு மனசு வரவில்லை, நடந்ததை எழுதாமலும் இருக்க முடியவில்லை, எதிர்த்துப் பேச முடியாத ஓர் ஆள் கிடைத்தான், அவன் தலையில் போட்டுவிட்டாய். நானும் அப்படித்தான் போட்டேன். நான் பயத்தில் செய்தேன், நீ பாசத்தில் செய்தாய். அடி வாங்குகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்று விரலும் வேலையும் போனவனை நம் வீட்டிலிருந்து இரண்டாவது ஆளும் புத்தகத்தில் போட்டு மிதிப்பதா? அந்தக் கோபத்தில்தான் கோப்பையை வீசினேன். கோபம் உன்மேல் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை முனிராஜைத் தேடிப் போனேன். மத்திகிரியில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறார். அந்த வீடுகளுக்கே வாட்ச்மேன். என்னைவிடப் பத்து வயசு சின்னவர், பார்த்தால் என்னைவிடக் கிழவராக இருக்கிறார். இதுவரை அவன் இவன் என்றே எழுதிவிட்டேன், அன்றைக்கு அப்படித்தான் கூப்பிட்டேன் என்பதால். அன்றைக்கே அவரை அவர் என்று கூப்பிட்டிருக்க வேண்டும். கதவில் நின்ற என்னை அவர் மனைவிதான் முதலில் அடையாளம் கண்டார். களி கிண்டிக்கொண்டிருந்தவர் துடுப்போடு எழுந்து வந்தார். “எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இங்க வந்த? எங்கூட்டு காபிய குடிச்சிட்டுப் போயி எங்கள அறுத்தவன்தானே நீ?” துடுப்பு என் தோளில் இறங்கியது. சுடச்சுடக் களி கழுத்தில் ஒட்டிக்கொண்டது. நான் துடைக்கவில்லை. இன்னொன்று விழும் என்று நின்றேன். உள்ளேயிருந்து முனிராஜ், “உடு, என்னத்துக்கு வந்தாருன்னு கேப்போம்” என்றார்.

தரையில் உட்கார்ந்து உன் கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவருக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் சொன்னார், “நான் குடிச்சதே இல்ல சார். பையன நான் தொடவும் இல்லையே.” தெரியும் என்றேன். அறைந்தது நான்தான் என்றேன். அவர் என் நசுங்கிய விரல்களைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். “அன்னிக்கி உங்க தலையில போடணும்னுதான் சார் கல்லத் தூக்கினேன். தூக்கிட்டுப் பாத்தா, முன்னாடி ஒரு பையன் உங்க சாடையிலயே குந்தியிருக்கான். அப்பான்னு வாய் மட்டும் அசையுது, சத்தம் வரல. எம்பொண்ணு ஞாபகம் வந்துச்சி. அதான் கையில போட்டேன். அந்தப் பையனையா காது போற மாதிரி அடிச்சீங்க?” மகனே, நான் உயிரோடு இருப்பது உன்னால். இது தெரியாமலே இருபது வருஷம் இருந்திருக்கிறோம்.

பிறகு அவர் மனைவியிடம் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அந்தப் பழைய பத்திரிகை, அதே பிளாஸ்டிக் கவரில், என் கையெழுத்தோடு. “இதையும் படிங்க சார். அன்னிக்கி ஆபீசர் கடசித் துண்டுதான் படிச்சாரு. முழுசா என்னான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது.” பெண்ணைப் படிக்கச் சொல்லியிருக்கலாமே என்றேன். “அது பொறந்தநாள வெச்சித்தான எழுதியிருக்கீங்க. அதுக்காகத்தான் அப்பா விரல் போச்சின்னு அது நெனச்சிக்காதா?” என்றார். படித்தேன். முதல் பரிசுக் கதையை அவ்வளவு திக்கித் திக்கி நான் எங்கேயும் படித்ததில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டார். பட்டறையில் பலபேர் கைதட்டிய இடங்களில்தான் அதிகம் திக்கினேன். முடித்தேன். “நல்லாத்தான் சார் எழுதியிருக்கீங்க” என்றார். அந்தக் கல்லை அன்றைக்கே தலையில் போட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மன்னிப்புக் கேட்டேன். “நான் படிக்கற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க” என்றார். அவர் படிக்கும் கன்னட எழுத்து எனக்குத் தெரியாது. அவரே கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் பேனாவை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். அதைப் பார்த்துப் பார்த்து நான் என் மடங்காத விரல்களால் கீழே வரைந்தேன். ஒரு சுழி தப்பானபோது, “இன்னொரு தடவ” என்றார். மறுபடி வரைந்தேன். மூன்றே சொற்கள். பட்டனைக் கட்டியது நான்தான். கீழே என் கையெழுத்து. அவர் அதை வாய்விட்டுப் படித்தார். மனைவியைக் கூப்பிட்டு இன்னொரு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குக் காபி கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்னால் குடித்திருக்க முடியாது.

நீ கேட்ட அணிந்துரை இதுதான். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. ‘கருங்கல்’ கதையை எடுத்துவிடு, அல்லது மாற்றி எழுது, கட்டியது யார், அறைந்தது யார் என்று எழுது. கதையின் அழகு கொஞ்சம் குறையும், குறையட்டும். என் மரியாதையைப் பற்றி யோசிக்காதே, அம்மாவையும் கேட்டுவிட்டேன், “போடட்டும்” என்றாள். இந்தக் கடிதத்தை அப்படியே முன்னால் அச்சிடு, என் பெயருக்கு முன்னால் எந்தப் பட்டமும் வேண்டாம். புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நீ மத்திகிரிக்குப் போ. அவர் மனைவி கத்துவார், கத்தட்டும். நான் செய்ததைப் போலக் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டு வந்துவிடாதே. அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்துக் காட்டு. கேட்காத காதைத் திருப்பிக்கொள்ளாதே, நல்ல காதை அவர் பக்கம் வைத்துக்கொள். படித்து முடித்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கும்வரை எழுந்திருக்காதே.